எத்தனை எம்எம் என்பது சரி, எங்கே நிற்கிறது?

காங்கேயம் ரோட்டில் நான் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியில் காலை ஆறரை மணிக்குப் பத்துப் பேர் நிற்பார்கள். அதில் இரண்டு மூன்று பேருக்காவது கிட்னிக்கல் வந்து போயிருக்கும். போன சித்திரையில் எனக்கும் வந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு இடது விலாவுக்குக் கீழே பிடித்த வலி அடிவயிறு வரைக்கும் சுண்டி இழுத்தது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை, வாசலுக்கும் கட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். விடிந்ததும் ஊசி, ஸ்கேன், மாத்திரை. மூன்றாம் நாள் பேக்கரிக்குப் போனபோது எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி.

"எத்தன எம்எம்முங்க?"

அஞ்சரை என்றேன். தறி ஓட்டுகிற ஒருவர், "அஞ்சரைதானுங்களா? எனக்கு ஏழு இருந்துச்சு, தானா வந்துருச்சுங்க" என்றார். லாரிக்காரர் ஒருவர் தன் மச்சானுக்குப் பன்னிரண்டு என்றார். மழை எத்தனை சென்டிமீட்டர் பெய்தது, போர் எத்தனை அடி போட்டது என்று பேசுகிற மாதிரியேதான் கல்லையும் பேசுகிறோம். ஆனால் அந்தக் கல் எங்கே நிற்கிறது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. என் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எம்எம்முக்குப் பக்கத்திலேயே 'லெஃப்ட் வி.யு.ஜே.' என்று மூன்றெழுத்து இருந்தது. என் வலி எங்கே போகும், கல் தானாக இறங்குமா, இறங்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் எண்ணைவிட அந்த மூன்றெழுத்துதான் அதிகம் சொன்னது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

நாம் எல்லோரும் 'கிட்னிக்கல்' என்கிறோம். கல் உருவாவது கிட்னியில்தான், சரி. ஆனால் சிறுநீரகத்துக்குள்ளேயே இருக்கும் கல் பெரும்பாலும் சத்தமில்லாமல் கிடக்கும். மான்கொம்பு மாதிரி கிளைவிட்டுச் சிறுநீரகத்தையே நிரப்பிய கல்லோடு வருடக்கணக்கில் பெரிய வலியில்லாமல் பண்ணையம் பார்த்தவர்கள் உண்டு. ஆளைத் தரையில் புரளவைப்பது, அங்கிருந்து கிளம்பி வழியில் மாட்டிக்கொண்ட சின்னக் கல். நம் வைத்தியத்தில் இதற்கு 'கல்லடைப்பு' என்று பேர். நோய் எது என்பதைக் கிட்னிக்கல்லைவிட இந்தப் பழைய சொல்தான் சரியாகச் சொல்கிறது. தொல்லை கல்லால் வருவதைவிட அடைப்பால் வருவதுதான் அதிகம்.

அடைபடும் அந்த வழிக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் சிறுநீர்நாளம் என்று பேர். டாக்டர்கள் யூரேட்டர் என்பார்கள். சிறுநீர்ப்பையிலிருந்து வெளியே வருகிற குழாய் வேறு, இது வேறு. பேச்சில் இரண்டையுமே 'குழாய்' என்றுவிடுவதால், "குழாயில கல்லு" என்று கேட்டதும் கீழேதான் எங்கோ என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். சிறுநீர்நாளம் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு. பெரியவர்களுக்கு நீளம் 25 முதல் 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு சாணுக்குச் சற்றுக் கூடுதல். உள்விட்டம் மூன்று நான்கு மில்லிமீட்டர்தான். பேனா ரீஃபில் அளவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அது வழிநெடுக ஒரே அளவாக இருப்பதில்லை. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

தோட்டத்தில் சொட்டுநீர் போட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். உப்புத் தண்ணி ஓடுகிற லைனில் பதினாறு எம்எம் ஓஸின் நடுவில் அடைப்பு வருவது குறைவு. பெரிய பைப்பிலிருந்து சின்னதுக்கு இறங்கும் இடம், மடிப்பு விழுந்த இடம், கடைசியில் தண்ணி வெளியேறும் டிரிப்பர் வாய், இந்த மூன்றில் ஒன்றில்தான் சுண்ணாம்பு கட்டும். சிறுநீர்நாளத்துக்கும் இதே மூன்று இடங்களைத்தான் மருத்துவப் பாடம் சொல்கிறது. சிறுநீரகத்தின் புனல் மாதிரியான இடுப்பறை குறுகி நாளமாகும் இடம் முதலாவது. இடுப்பெலும்பின் விளிம்பில், காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய ரத்தக்குழாயின் மேலாக ஏறி இறங்கும் இடம் இரண்டாவது. சிறுநீர்ப்பையின் சுவருக்குள் நுழையும் இடம் மூன்றாவது. ரிப்போர்ட்டில் முதலாவதைப் பி.யு.ஜே. என்றும் மூன்றாவதை வி.யு.ஜே. என்றும் எழுதுவார்கள். நடுவில் இருப்பதற்கு அப்படிப் பிரபலமான சுருக்கப் பேர் கிடையாது, அதற்கும் ஒரு காரணம் இருக்கிறது, பிறகு வருகிறேன்.

இந்த மூன்றில் மூன்றாவதுதான் ரொம்பக் குறுகல். அதன் அமைப்பு அப்படி. நாளம் சிறுநீர்ப்பைக்குள் நேராகக் குத்திக்கொண்டு போவதில்லை. பையின் தசைச் சுவருக்குள் சாய்வாக ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் தூரம் ஊடுருவிப் போய்த்தான் உள்ளே திறக்கிறது. பை நிரம்பி அழுத்தம் ஏறினால் அந்தச் சாய்வான பகுதி தானாக அமுங்கி மூடிக்கொள்ளும், சிறுநீர் மேலே திரும்பி ஏறாது. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு செய்கிற அதே வேலை. இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை அடக்கும்போதும் சிறுநீர் மேலேறிச் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். பிறவியிலேயே இது சரியாக அமையாத குழந்தைகளுக்கு அதுதான் நடக்கிறது. சிறுநீரகத்தைக் காப்பதற்காக அமைந்த இதே இறுக்கம்தான் கல் வந்தால் எமனாகிறது. மேலிருந்து ஒரு சாண் தூரம் தாண்டி வந்த கல், பைக்குள் விழ இரண்டு சென்டிமீட்டர் இருக்கும்போது நின்றுவிடும்.

சொட்டுநீர் உவமை இதுவரைக்கும்தான் உதவும். ஓஸில் தண்ணீரை மோட்டார் தள்ளுகிறது. ஓஸ் சும்மா கிடக்கிறது. சிறுநீர்நாளம் சும்மா கிடக்காது. அது ஒரு தசை. சிறுநீரகத்தின் உள் கிண்ணங்களில் கிளம்பும் ஒரு துடிப்பு அலையலையாகக் கீழே இறங்கி, நிமிடத்துக்கு இரண்டு முதல் ஆறு தடவை, சிறுநீரை ஒவ்வொரு மடக்காகப் பிழிந்து பைக்குள் பீய்ச்சுகிறது. உணவுக்குழாய் சோற்றை இறக்குகிற மாதிரிதான். தலைகீழாக நின்றாலும் சிறுநீர் கீழே போய்ச் சேரும். கல் வந்ததும் இந்தத் தசை அந்த இடத்தில் இறுகிப் பிடித்துக்கொள்கிறது. உரசி உள்சுவர் வீங்கினால் மூன்று மில்லிமீட்டர் வழி இன்னும் குறைகிறது. ஆகவே குறுகலே இல்லாத இடத்திலும் கல் நிற்கலாம். புத்தகத்தில் போட்ட மூன்று புள்ளிகளை மட்டும் நம்பினால் இது புலப்படாது.

சி.டி. ஸ்கேன் வந்த பிறகு இதை எண்ணிப் பார்க்க முடிந்தது. 2009-ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வு, கல் வலியோடு அவசரப் பிரிவுக்கு வந்த 94 பேரின் சி.டி.யைப் பார்த்து, கல் எங்கே நிற்கிறது என்று கணக்கெடுத்தது. பத்தில் ஆறு பேருக்கு வி.யு.ஜே.யில். அது எதிர்பார்த்ததுதான். பி.யு.ஜே.யில் பத்தில் ஒருவருக்கு. அந்த இரண்டாவது குறுகல், ரத்தக்குழாயைத் தாண்டும் இடம் இருக்கிறதே, அங்கே 94 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் கல் இருந்தது. மாறாக, பி.யு.ஜே.க்கும் ரத்தக்குழாய்க்கும் நடுவே, எந்தக் குறுகலும் இல்லை என்று நாம் நினைக்கும் மேல்நாளத்தில், நான்கில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு நின்றிருந்தது.

94 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனாலும் எனக்கு இது சுவையான சேதி. மூன்று குறுகல் என்பது உடலை அறுத்துப் பார்த்து அளந்தவர்கள் சொன்னது, அதில் பொய்யில்லை. குறுகல் இருக்கிறது. ஆனால் உயிருள்ள, துடிக்கிற குழாயில் கல் நிற்பது குறுகலை மட்டும் வைத்து முடிவாவதில்லை. நடைமுறையில் கல் மாட்டுவது ஒன்று மேலே, அல்லது அடியோடு கீழே, நடுவில் குறைவு. நடுப்புள்ளிக்குப் பேக்கரியில்கூடத் தெரிகிற மாதிரி ஒரு சுருக்கப் பேர் வராமல் போனதற்கு இதுதான் காரணம் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். மருத்துவ மாணவர்கள் இன்னமும் மூன்றையும் மனப்பாடம் செய்கிறார்கள், செய்யட்டும்.

கல் நிற்கும் இடத்தை முதலில் சொல்வது ஸ்கேன் அல்ல, வலி. சிறுநீரகத்துக்குப் பக்கத்தில், பி.யு.ஜே.யில் நின்றால் வலி முதுகுப்பக்கம் விலாவுக்குக் கீழேயே நின்றுகொள்ளும். வாந்தி அதிகம் வரும். மேல்நாளத்தில் இறங்கினால் விலாவிலிருந்து முன்வயிற்றுக்கு வளைத்துக்கொண்டு வரும். ஆண்களுக்கு விரை வரைக்கும் இழுக்கும். விரையில் எந்தக் கோளாறும் இருக்காது. சிறுநீரகமும் மேல்நாளமும் விரையும் வலிச்செய்தியை அனுப்புவது முதுகுத்தண்டின் ஒரே பகுதிக்கு என்பதால் மூளை குழம்புகிறது, அவ்வளவுதான். வெட்கப்பட்டுக்கொண்டு இந்த வலியை டாக்டரிடம் சொல்லாமல் விடுகிறவர்கள் நிறைய. நடுநாளத்தில், அதுவும் வலதுபக்கம் நின்றால், குடல்வால் வலி என்றே நினைக்கத் தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. குடல்வால்காரர் அசையாமல் சுருண்டு படுத்திருப்பார், அசைந்தால் வலிக்கும். கல்காரரால் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இருக்க முடியாது. பெண்களுக்கு இதே இடத்து வலி கருப்பைக் குழாயில் தங்கிய கருவாகவும் இருக்கலாம் என்பதால், மாதவிலக்கு தள்ளிப்போயிருந்தால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். அறுபது வயது தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகக் கல் வலி என்றால், வயிற்றுப் பெரிய ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்கத்தான் வேண்டும். எல்லா விலா வலியும் கல் இல்லை.

வி.யு.ஜே.யின் குணமே தனி. எனக்கு ஐந்தாம் நாள் விலா வலி நின்றுபோயிற்று. அதற்குப் பதிலாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒன்றுக்கு வந்தது. போனால் நாலு சொட்டு. அதன் முடிவில் நுனியில் ஊசி குத்துவது போல ஒரு எரிச்சல். கல் பையின் சுவரிலேயே உட்கார்ந்துகொண்டு அதை உறுத்துவதால், பை நிரம்பிவிட்டது என்று உடம்பு ஏமாறுகிறது. இந்தக் கட்டத்தில்தான் பலர், முக்கியமாகப் பெண்கள், 'நீர்க்கடுப்பு' என்று மெடிக்கலில் ஆண்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். என் சின்னம்மா இரண்டு வாரம் இளநீரும் வெந்தயமுமாக ஓட்டினார். ஸ்கேன் பார்த்தபோது கல் வி.யு.ஜே.யில் இருந்தது. சூட்டுக்கு வந்த கடுப்பு என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம்; சித்திரை வெயிலில் அப்படி நம்புவதும் சுலபம்.

ஸ்கேனுக்குப் போனால் "தண்ணி நல்லாக் குடிச்சுட்டு, ஒண்ணுக்குப் போகாம வாங்க" என்று உட்காரவைப்பார்களே, அது ஏன் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. அல்ட்ராசவுண்ட் அலை தண்ணீர் வழியாக நன்றாகப் போகும், காற்று வழியாகப் போகாது. நிரம்பிய சிறுநீர்ப்பை ஒரு ஜன்னல் மாதிரி. அதன் வழியாகத்தான் பின்னால் இருக்கும் வி.யு.ஜே. தெரியும். பையைக் காலிசெய்துவிட்டுப் படுத்தால் கல் அங்கே இருந்தும் ரிப்போர்ட்டில் வராமல் போகலாம். மேலே சிறுநீரகமும் பி.யு.ஜே.யும் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே உள்ள நாளத்தைக் குடல் வாயு மறைத்துவிடுகிறது. அந்த நீளத்தில் கல் நின்றால் ரிப்போர்ட்டில் கல்லே இருக்காது; 'ஹைட்ரோநெஃப்ரோசிஸ்' என்று மட்டும் வரும். சிறுநீரகம் நீர் கோர்த்து வீங்கியிருக்கிறது என்று பொருள். வாய்க்காலில் தண்ணி தேங்கி நிற்கிறது, அடைத்திருப்பது எது என்று தெரியவில்லை என்கிற மாதிரி. அப்போதுதான் சி.டி. எழுதுகிறார்கள். ஸ்கேன் சென்டருக்கு ஆள் பிடிக்க எழுதுகிறார்கள் என்று பேக்கரியில் பேசிக்கொள்வதில் எல்லா நேரமும் நியாயம் இல்லை. சாதாரண எக்ஸ்ரேயும் எல்லாக் கல்லையும் காட்டிவிடாது. கால்சியம் கல் தெரியும், யூரிக் அமிலக் கல் தெரியாது.

சரி, இடம் தெரிந்தால் என்ன லாபம்? 2002-ல் வந்த இன்னொரு சி.டி. ஆய்வைச் சொல்கிறேன். நாளத்தின் மேல்பகுதியில் பார்க்கப்பட்ட கற்களில் ஏறக்குறையப் பாதிதான் தானாக வெளியேறின. வி.யு.ஜே.யில் பார்க்கப்பட்டவற்றில் பத்தில் எட்டு வெளியேறிவிட்டன. அதே ஆய்வில் அளவை வைத்துப் பார்த்தால், இரண்டு முதல் நான்கு எம்எம் வரை உள்ளவற்றில் நான்கில் மூன்று வந்துவிட்டன, ஒன்பதுக்கு மேல் போனவற்றில் நான்கில் ஒன்றுதான். ஆக பேக்கரிக் கேள்வி தப்பில்லை, பாதிக் கேள்வி. மேலே நிற்கும் ஆறு எம்எம்மும் கீழே நிற்கும் ஆறு எம்எம்மும் வேறு வேறு கதை. தறிக்காரருக்கு ஏழு எம்எம் தானாக வந்தது என்றால் அது அனேகமாகக் கீழே வந்து நின்ற ஏழாக இருந்திருக்கும். அதைக் கேட்டுவிட்டு, பி.யு.ஜே.யில் ஏழு வைத்திருப்பவர் காத்திருக்கக் கூடாது.

நாள் கணக்கும் பொறுமையைச் சோதிக்கும். இரண்டு எம்எம்முக்கு உட்பட்டது இறங்கச் சராசரியாக எட்டு நாள், இரண்டிலிருந்து நான்குக்குப் பன்னிரண்டு நாள், நான்குக்கு மேல் ஆறு வரைக்கும் மூன்று வாரம் என்று 1999-ல் ஒரு ஆய்வு சொன்னது. இவை சராசரிதான். சிலருக்கு ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். நல்ல நிலையில் இருக்கும் நோயாளிக்கு டாக்டர்கள் நான்கு முதல் ஆறு வாரம் வரை பார்க்கலாம் என்று விடுவது இந்தக் கணக்கில்தான்.

எனக்குக் கொடுத்த மாத்திரையில் ஒன்று டாம்சுலோசின். அதைப் பார்த்துவிட்டு மெடிக்கல் பையன், "ப்ராஸ்டேட்டுங்களாண்ணா?" என்றான். ப்ராஸ்டேட் மருந்துதான். நாளத்தின் கீழ்ப்பகுதித் தசையில் அந்த மருந்து பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் அதிகம் என்பதால், அங்கே இறுக்கத்தைத் தளர்த்தக் கொடுக்கிறார்கள். பெண்களுக்கும் கொடுப்பார்கள், பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதுவும் இடத்தைப் பொறுத்தது. 2015-ல் பிரிட்டனில் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடந்த பெரிய ஆய்வு, மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை என்றது. பிறகு நடந்த விவாதங்களின் முடிவில், கீழ்நாளத்தில் ஐந்துக்கு மேல் பத்துக்குள் இருக்கும் கல்லுக்கு மட்டும் பயன் உண்டு என்கிற நிலையில் வந்து நிற்கிறது. இதைச் சாப்பிட்டுவிட்டுச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். எனக்குச் சுற்றியது.

இறங்கவில்லை என்றால் என்ன முறை என்பதையும் இடமே முடிவு செய்கிறது. கீழ்நாளத்துக் கல்லுக்குச் சிறுநீர் வரும் வழியாகவே மெல்லிய கருவியை விட்டு லேசரில் உடைப்பது சுலபம். மேலே இருந்தால் அதே கருவியால் கல்லைச் சிறுநீரகத்துக்குள் தள்ளிவிட்டு, வளையும் கருவியால் உடைப்பார்கள், அல்லது வெளியிலிருந்து அதிர்வலை கொடுப்பார்கள். அந்த அதிர்வலை முறையில் முதல் நோயாளிக்கு 1980-ல் மூனிக் நகரில் சிகிச்சை தந்தார்கள். கத்தி படாமல் கல் உடையும் என்பது அன்றைக்கு அதிசயம். நடுநாளத்தில் கல் நின்றால் பின்னால் இடுப்பெலும்பு மறைத்துக்கொண்டு அலையைத் தடுக்கும், ஆளைக் குப்புறப் படுக்கவைத்துக் கொடுக்க வேண்டிவரும். பல நேரம் முடிந்ததும் டி.ஜே. ஸ்டென்ட் என்று இருபுறமும் சுருண்ட ஒரு ட்யூபை உள்ளே வைத்துவிடுவார்கள். அதைக் குறித்த நாளில் எடுத்தே ஆக வேண்டும். வலி இல்லை என்று வருடக்கணக்கில் மறந்துவிட்டால் அந்த ட்யூபின் மேலேயே கல் கட்டிவிடும், பிறகு எடுப்பது முதல் ஆபரேஷனைவிடப் பெரிய வேலை.

கைவைத்தியம் பற்றிச் சொல்லாமல் நம் ஊரில் கல்லைப் பற்றி எழுத முடியாது. பொங்கலுக்கு முதல் நாள் காப்புக் கட்டுகிறோமே, வேப்பிலை, ஆவாரம்பூவோடு வைக்கும் அந்த வெள்ளைப் பூளைப்பூதான் சித்த வைத்தியத்தில் கல்லடைப்புக்குச் சொல்லும் சிறுபீளை. நெருஞ்சில், மூக்கிரட்டை, வாழைத்தண்டு எல்லாம் அதே வரிசை. காட்டில் ஏர் ஓட்டினாலும் போகாத நெருஞ்சில் கல்லைக் கரைக்கும் என்பதில் எங்கள் அப்பச்சிக்கு அசைக்க முடியாத நம்பிக்கை. நீரைப் பெருக்குவது என்கிற அளவில் இவற்றுக்கு ஒரு வேலை இருக்கலாம், கஷாயத்தோடு சேர்ந்து தண்ணியும் உள்ளே போகிறது. ஆனால் கால்சியம் கல் வயிற்றுக்குள் போன எதனாலும் கரைவதில்லை. கரைக்கக்கூடியது யூரிக் அமிலக் கல் ஒன்றுதான், அதையும் சிறுநீரின் புளிப்பைக் குறைக்கும் மருந்தால். கீழே வந்து நின்ற நான்கு எம்எம், கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் வந்துவிடும். வந்ததும் பேர் கஷாயத்துக்குப் போகும். பி.யு.ஜே.யில் பத்து எம்எம் வைத்துக்கொண்டு அதே கஷாயத்தை ஆறு மாதம் குடித்தவரின் கதை பேக்கரிக்கு வராது.

வலி உச்சத்தில் இருக்கும்போது லிட்டர் லிட்டராகக் குடித்துக் கல்லைத் தள்ளப் பார்ப்பதும் தப்பு. அடைப்புக்கு மேலே ஏற்கெனவே சிறுநீர் தேங்கி அழுத்துவதால்தான் வலியே. மேலும் குடித்தால் அழுத்தம் ஏறுமே தவிரக் கல் நகராது. டைக்ளோஃபெனாக் ஊசி உடனே கேட்பதற்கு அது வலி மரப்பு என்பது மட்டும் காரணம் இல்லை. அது சிறுநீரகத்தின் உள்ளழுத்தத்தையும் குறைக்கிறது. சிறுநீரகக் கோளாறு ஏற்கெனவே உள்ளவர்களுக்கு அந்த ஊசியே ஆகாது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். பீர் குடித்தால் கல் வெளியே வந்துவிடும் என்று சொல்கிற நண்பர்கள் எல்லோருக்கும் உண்டு. அவர்கள் பீருக்குத் துணை தேடுகிறார்கள்.

நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. வலி நின்றால் கல் போய்விட்டது என்று நாம் முடிவுகட்டிவிடுகிறோம். வலி நிற்க இரண்டு வழி உண்டு. கல் பைக்குள் விழுந்தால் நிற்கும். கல் நின்ற இடத்திலேயே முழுக்க அடைத்துவிட்டாலும் சில நாளில் நிற்கும். அடைபட்ட சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் குறைகிறது, சிறுநீர் ஊறுவது குறைகிறது, அழுத்தம் இறங்குகிறது, வலி ஓய்கிறது. மறுபக்கச் சிறுநீரகம் வேலையைப் பார்த்துக்கொள்வதால் ஆளுக்கு ஒன்றும் தெரியாது. முழு அடைப்பு இரண்டு வாரம் தாண்டினால் சேதம் நிலைக்கத் தொடங்கும், ஆறு வாரத்துக்கு மேல் போனால் திரும்ப மீள்வது கஷ்டம். எங்கள் பங்காளி வீட்டில் ஒருவருக்கு அப்படித்தான். போர்வெல் வண்டியில் வடக்கே போயிருந்தபோது வலி வந்தது, ஏதோ ஊசி போட்டார்கள், நின்றது. இரண்டு வருடம் கழித்து வேறு எதற்கோ ஸ்கேன் பார்த்தபோது வலது சிறுநீரகம் தண்ணிப் பை மாதிரி ஆகியிருந்தது. கல் மேல்நாளத்தில் அதே இடத்தில் இருந்தது. ஆகவே வலி நின்றாலும், கல்லைக் கண்ணால் பார்க்காதவரைக்கும், இன்னொரு ஸ்கேன் எடுத்துத்தான் தீர வேண்டும். கல் அடைப்போடு குளிர் காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கு ராத்திரியே ஆஸ்பத்திரி, விடியட்டும் என்ற பேச்சே கூடாது. அடைபட்ட சிறுநீரகத்தில் சீழ் சேர்ந்தால் மருந்து மட்டும் போதாது, உடனே ஸ்டென்டோ முதுகுவழி ட்யூபோ வைத்து வடித்தாக வேண்டும். ஒரே சிறுநீரகம் உள்ளவர்களுக்கும், சிறுநீரே வராமல் நின்றுபோனவர்களுக்கும் இதேதான்.

ஏன் நம் பக்கம் இவ்வளவு பேருக்கு என்று கேட்டால் உப்புத் தண்ணி என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். கருங்கல் பூமி, ஆயிரம் அடி போர், குடத்தில் வெள்ளைப் படலம், அதைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் கடின நீரைக் குற்றவாளியாக்க ஆய்வுகள் ஒரே குரலில் சாட்சி சொல்லவில்லை. உணவோடு போகும் கால்சியம், கல் கட்டக் காரணமான ஆக்ஸலேட் என்கிற உப்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்வதால் பாலையும் மோரையும் நிறுத்தினால் கல் அதிகமாகத்தான் வாய்ப்பு. எந்தத் தண்ணி என்பதைவிட எவ்வளவு தண்ணி என்பதே பெரிய விஷயம். ஒரு நாளைக்கு இரண்டு, இரண்டரை லிட்டர் சிறுநீர் வெளியேற வேண்டும் என்கிறார்கள். லாரியில் போகிறவர் வண்டியை நிறுத்த முடியாது என்று குடிப்பதில்லை. பனியன் கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் கழிவறை நிலைமையை நினைத்துக் குடிப்பதில்லை. தறிக்கூடத்துப் புழுக்கத்தில் குடித்தது முழுக்க வேர்வையாகப் போகிறது. சிறுவாணித் தண்ணியே வந்தாலும் குடிக்காவிட்டால் கல் கட்டும்.

டீ வடிகட்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, பத்தொன்பது நாள் அதில்தான் போனேன். வீட்டில் முகம் சுளித்தார்கள். கல் கிடைத்தால் சோதனைக்குக் கொடுத்து எந்த வகை என்று பார்க்கலாம், அடுத்தது வராமல் தடுக்க அது உதவும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருபதாம் நாள் காலையில் டக்கென்று ஒரு சத்தம். பழுப்பாக, ஒரு பக்கம் முள்முள்ளாக, கொத்தமல்லி விதை அளவில் இருந்தது. மகளின் ஜாமென்ட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்தேன். நாலு எம்எம். அல்ட்ராசவுண்ட் சின்னக் கல்லைக் கொஞ்சம் பெரிதாகவே காட்டும் என்று டாக்டர் சொன்னார். மூன்று வாரமாகப் பேக்கரியில் நான் சொல்லிக்கொண்டிருந்த அஞ்சரையே தப்பு, வி.யு.ஜே. மட்டும் சரியாக இருந்தது.